குழிவும் குவிவும்

யான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நாளில், ஒருநாள் மாலை பள்ளி விட்டபின், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். அவன் கையில் திருத்தப்பெற்ற அறிவியல் விடைத்தாள் இருந்தது, முகம் வாடியிருந்தது. “ஐயா, தமிழை நம்பினேன், மூன்று மதிப்பெண் இழந்தேன்” என்றான். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். ‘தன்மேல் விழும் இணைகதிர்களை ஒரு புள்ளியிற் கூட்டும் ஆடி எது? காரணம் கூறுக’ என்பது வினா. ‘குவியாடி; கதிர்களைக் குவிப்பதனால் அஃது அப்பெயர் பெற்றது’ என்று அவன் எழுதியிருந்தான். அறிவியல் ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து, ‘குழியாடி’ என்று மேலே எழுதியிருந்தார்.

“குவிப்பதைக் குவியாடி என்று கொள்வதுதானே முறை? கதிரைக் குவிக்காத ஆடிக்குக் குவியாடி என்று பெயர். குவிக்கும் ஆடிக்கோ குழியாடி என்று பெயர். இவ்வாறு மாற்றிப் பெயரிட்டவர் செய்த பிழைக்கு யான் ஏன் மதிப்பெண் இழக்க வேண்டும்?” என்று அவன் கேட்டான்.

அவன் வினாவைச் சிறுபிள்ளையின் பிணக்கென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர் பிழையுடையதாயின், அப்பெயரைக் கற்கும் மாணவர் அனைவரும் அதே இடத்தில் வழுக்கி விழுவர். பெயர் சரியானதாயின், அவன் அதனைப் படித்த முறையில் எங்கோ பிழை உளது. இரண்டில் எது உண்மை என்று காண்பது தமிழாசிரியன் கடமையன்றோ? ஆதலின், “தம்பி, இவ்வழக்கை நாளை வகுப்பில் வைத்து ஆராய்வோம்” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வகுப்பில் ஆராய்ந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் ‘குழி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது வினையாகவும் வரும், பெயராகவும் வரும். கன்னம் குழிந்தது, கண் குழிந்தது என்னும்போது தன்வினை. நீர் பருகுவதற்கு உள்ளங்கையைக் குழித்தான் என்னும்போது பிறவினை. மரம் நடுவதற்குத் தோண்டிய குழி, தொண்டைக்குழி, கன்னக்குழி என்னும்போது பெயர். மகளிர் ஆடும் பல்லாங்குழிப் பலகையில் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள் இருக்கும். அடுக்களையில் குழிக்கரண்டி உண்டு. செட்டிநாட்டார் இல்லங்களில் குழிப்பணியாரம் உண்டு. மணலில் புனல் போன்ற சிறு பள்ளம் பறித்து, அதன் அடியில் மறைந்திருந்து, சறுக்கி விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும் பூச்சியைக் குழியானை என்பர். அதன் உருவமோ மிகச் சிறியது, பெயரோ பெரியது! எறும்பின் கண்ணுக்கு அஃது யானையே.

குழல், குழாய் என்பனவும் உள்ளீடற்ற வடிவத்தைக் குறிப்பன. இவற்றைக் குழி என்பதனோடு ஓரினமாகக் கொள்வர் சொல்லாராய்ச்சி வல்லார். சங்கச் செய்யுளில் பானையைக் குறிக்க வரும் குழிசி என்னும் சொல்லும் அவ்வினத்தைச் சார்ந்ததாகக் கொள்ளத்தக்கதே. நிலமளக்கும் வழக்கில் வரும் குழி மட்டும் வடிவத்தைக் குறியாது, பரப்பைக் குறிக்கும். தஞ்சை நாட்டு வழக்கில் 100 குழி கொண்டது ஒரு மா. 20 மா கொண்டது ஒரு வேலி. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் இவ்வளவைக் கணக்கிடக் குழிமாற்று என்னும் வாய்பாட்டை மனப்பாடம் செய்வித்தனர். ஒரு சொல்லுக்குப் பொருள் பல உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. எப்பொருள் எவ்விடத்திற்கு உரியது என்று தெரிந்து கொள்வதே சொல்லறிவு.

இனி, குழி வேறு, குழிவு வேறு என்பதை நோக்குக. அறி என்பதிலிருந்து அறிவும், சரி என்பதிலிருந்து சரிவும் பிறந்தாற்போலக் குழி என்னும் வினையடியிலிருந்து ‘வு’ என்னும் விகுதி பெற்றுக் குழிவு பிறந்தது. குழி என்னும் பெயர் ஒரு பொருளைக் குறிக்கும். குழிவு ஒரு தன்மையைக் குறிக்கும். நிலத்தில் சதுரமாக வெட்டிய குழியும் குழியே. ஆயினும் அதன் பக்கங்கள் நேராக நிற்றலின் அங்கு வளைவு இல்லை. அறிவியலார் குழிவு என்று கூறும்போது, ஒரு பரப்பு தன் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாக உள்வாங்கி வளைந்து செல்லும் தன்மையையே குறிக்கின்றனர். ஆங்கிலேயர் இதனைக் ‘கான்கேவ்’ என்பர். அச்சொல்லும் உட்குடைவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. ஆகவே, தமிழ்ச்சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே காட்சியைக் கண்டு பிறந்தவை எனலாம்.

குழிவு என்பதனோடு மயங்கத்தக்க சொற்கள் சில உள. வளைவு என்பது பொதுச்சொல்; உள்நோக்கி வளைந்ததும் வளைவு, புறநோக்கி வளைந்ததும் வளைவு. பள்ளம் என்பது சுற்றியுள்ள இடத்தினும் தாழ்ந்த இடம். அது தட்டையாகவும் இருக்கலாம். குடைவு என்பது கருவியால் உள்ளே தோண்டியமைத்தது. மலையைக் குடைந்து அமைத்த கோயில்களைக் குடைவரைக் கோயில்கள் என்று வழங்குகின்றோம். பித்தளைக் குடம் கீழே விழுந்து உள்ளே அமுங்கினால், அதனை ஒடுக்கு விழுந்தது என்கிறோமேயன்றிக் குழிவு என்று கூறுவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய இடம் ஒன்று உண்டு.

கடலுக்கும் நிலத்துக்கும் இடையிலும் இத்தகைய வளைவைக் காணலாம். கடல் நிலத்தினுள்ளே வளைந்து புகுந்த இடத்தைக் குடா என்பது தமிழ் வழக்கு. அகன்று விரிந்து கிடப்பது விரிகுடா. வளைந்து உட்புகுந்தது வளைகுடா. வங்காள விரிகுடா என்றும், மன்னார் வளைகுடா என்றும் நிலநூலில் படிக்கின்றோம். நிலமோ கடலினுள்ளே நீண்டு செல்லும் இடத்தில் குடாநாடு எனப்படும். யாழ்ப்பாணக் குடாநாடு என்பது அவ்வாறு வந்த பெயர்.

இனிக் குவி என்னும் சொல்லுக்கு வருவோம். மாலையில் தாமரை குவிகின்றது. வணங்குவோர் கைகளைக் குவிக்கின்றனர். களத்தில் நெல்லைக் குவிக்கின்றனர். குவிந்த நெல் குவியல் எனப்படுகின்றது. பல ஒன்றுகூடி ஓரிடத்தில் சேர்தலே இச்சொல்லின் முதற்பொருள். சேர்ந்தது நடுவில் உயர்ந்து நிற்குமாதலின், நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த வடிவத்தையும் அச்சொல்லே குறிப்பதாயிற்று. எனவே, கூடுதல் என்னும் செயற்பொருளும், மேடிடுதல் என்னும் வடிவப் பொருளும் ஆகிய இரண்டும் குவி என்னும் ஒரு சொல்லில் தங்கியுள்ளன. ஒளிநூலில் குவியம், குவியத் தொலைவு என்று கூறும்போது முதற்பொருளைக் கொள்கின்றோம்; குவிவு என்று கூறும்போது இரண்டாம் பொருளைக் கொள்கின்றோம். அம்மாணவன் வழுக்கிய இடம் இதுவே.

இவ்விடத்தில் இலக்கணம் நமக்குத் துணை வருகின்றது. குவியாடி என்பது குவி, ஆடி என்னும் இரு சொற்கள் சேர்ந்த வினைத்தொகை. இடையில் யகர உடம்படுமெய் வந்தது. வினைத்தொகையை விரிக்கும்போது, அங்குள்ள வினையைச் செய்வது யாது என்று காண வேண்டும். அம்மாணவன் ‘கதிரைக் குவிக்கும் ஆடி’ என்று பிறவினையாக விரித்தான். ‘குவிந்த ஆடி’ என்று தன்வினையாக விரிப்பதே முறை. அங்ஙனமாயின், குவிந்திருப்பது கதிரன்று, ஆடியின் பரப்பே.

“இவ்வாறு விரிப்பதே சரி என்பதற்குச் சான்று யாது?” என்று வகுப்பில் மற்றொரு மாணவன் வினவினான். நல்ல வினா. குவியாடிக்கு இணையாக வைக்கப்பெற்ற பெயர் குழியாடி. அதனைக் ‘கதிரைக் குழிக்கும் ஆடி’ என்று எவரேனும் விரிப்பரோ? விரியார், குழிந்த ஆடி என்றே விரிப்பர். இணையாக நிற்கும் இரு பெயர்களுள் ஒன்று வடிவத்தைக் குறிக்க, மற்றொன்று செயலைக் குறித்தல் பொருந்தாது. குழியாடி வடிவம் பற்றிய பெயராதலின், குவியாடியும் வடிவம் பற்றிய பெயரே. பெயரிட்டோர் பிழை செய்திலர்.

வடிவம் வேறு, செயல் வேறு என்பதைக் கண்ணாற் காணவும் வழியுண்டு. நன்கு துலக்கிய எவர்சில்வர்க் கரண்டி ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் உட்புறத்தை முகத்திற்கு எதிரே ஒரு சாண் தொலைவில் பிடித்துப் பாருங்கள். உங்கள் முகம் தலைகீழாகத் தெரியும். புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முகம் நேராகவும் சிறிதாகவும் தெரியும். உட்புறம் குழியாடி, புறப்புறம் குவியாடி. கரண்டியோ ஒன்றே! ஒரே வளைவு, ஒரு பக்கம் நின்று நோக்குவார்க்குக் குழிவாகவும், மறுபக்கம் நின்று நோக்குவார்க்குக் குவிவாகவும் இருக்கின்றது. ஆதலின், எப்பக்கத்திலிருந்து நோக்குகின்றோம் என்று சொல்லாமல் குழிவு என்றோ குவிவு என்றோ சொல்லுதல் நிரம்பாத கூற்றாகும். மழைக்குப் பிடிக்கும் குடையும் அத்தகையதே: மேலே வானத்திற்குக் குவிவு, கீழே நிற்கும் நமக்குக் குழிவு. பண்டை நாளில் பனையோலையால் செய்த உண்கலத்தையும் குடை என்றே வழங்கினர். கவிழ்த்தால் நிழல் தருவது, நிமிர்த்தால் உணவு ஏந்துவது! இரண்டிற்கும் உயிராய் இருப்பது உட்குழிவே.

குழியாடி கதிர்களை ஏன் கூட்டுகின்றது? ஒரு பெருங்கோளத்தின் உட்புறத்தில் சிறு பகுதியை அறுத்தெடுத்துப் பளபளப்பாக்கியதாக அதனை எண்ணிக்கொள்க. அப்பரப்பின் ஒவ்வோர் இடமும் கோளத்தின் மையத்தையே நோக்கி நிற்கும். எனவே, இணையாக வந்து விழும் கதிர்கள் மீளும்போது ஒன்றையொன்று நெருங்கி, மையத்திற்கும் ஆடிக்கும் இடைநடுவில் ஒரு புள்ளியிற் கூடுகின்றன. அப்புள்ளியே குவியம். கோளத்தின் ஆரம் 40 சென்டிமீட்டராயின், குவியத் தொலைவு 20 சென்டிமீட்டர். குவியாடியிலோ, பரப்பின் ஒவ்வோர் இடமும் புறத்தே வெவ்வேறு திசையை நோக்குதலின், மீளும் கதிர்கள் அகன்று விரிகின்றன.

ஒளியைத் திருப்பாமல் ஊடே செல்லவிடும் வில்லையில் நிலைமை மாறுகின்றது. கண்ணாடி வில்லையில் புகுந்த ஒளி, தடித்த பக்கத்தை நோக்கி வளையும் இயல்புடையது. குவிவில்லை நடுவில் தடித்தது. ஆதலின், கதிர்கள் நடுவை நோக்கி வளைந்து கூடுகின்றன. குழிவில்லை நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்தது. ஆதலின், கதிர்கள் ஓரத்தை நோக்கி விரிகின்றன. வில்லையில் குவிந்தது குவிக்கின்றது. ஆடியில் குழிந்தது குவிக்கின்றது. வில்லையைப் பற்றி முதலில் படித்த மாணவன், பெயரைக் கொண்டே செயலை ஊகித்து வெற்றி பெறுகின்றான். அதே ஊகத்தை ஆடிக்கும் கொண்டுசென்று தோல்வியுறுகின்றான். முதலில் வடிவத்தை அறிக. பின்பு அது ஆடியா, வில்லையா என்று அறிக. அதன்பின் செயலைத் துணிக.

கிட்டப்பார்வை உடையார் அணியும் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால், நடு மெலிந்தும் ஓரம் தடித்தும் இருக்கக் காணலாம். அது குழிவில்லை. அவர்தம் கண்ணில் தொலைப்பொருளின் ஒளி விழித்திரைக்கு முன்னரே கூடிவிடுகின்றது. குழிவில்லை அதனைச் சற்று விரித்து, விழித்திரையிற் சென்று கூடுமாறு செய்கின்றது. அணுக்கத்தில் உள்ளதைத் தெளிவாகக் காணமாட்டாதார்க்குக் குவிவில்லை வேண்டும். ஒன்றற்கு மற்றொன்றை மாற்றி அணிந்தால் பார்வை தெளிவதற்கு மாறாகக் கலங்கும். பேருந்து ஓட்டுநர் பின்னே வரும் வண்டிகளைக் காண்பதற்குப் பக்கத்தில் பொருத்துவது குவியாடி. அது சிறிய பரப்பில் பெரிய இடத்தைக் காட்டும். ஆயினும், உருவத்தைச் சிறிதாக்குதலின், அருகில் உள்ள வண்டியும் தொலைவில் உள்ளதுபோல் தோன்றும். இதனை அறியாத ஓட்டுநர் உயிருக்கே கேடு சூழ்ந்துகொள்வார்.

குழிவின் பயன் மிகப் பெரிது. 1668-ஆம் ஆண்டில் நியூட்டன் குழியாடி கொண்டு தொலைநோக்கி அமைத்தார். நம் நாட்டில் சவ்வாது மலையிலுள்ள காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள குழியாடியைக் கொண்ட தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்றது. நெடுந்தொலைவிலுள்ள விண்மீனின் மங்கிய ஒளியை அக்குழிவு ஏந்தி ஓரிடத்திற் சேர்க்கின்றது. பிரான்சு நாட்டில் ஒதெய்யோ என்னும் ஊரில் 1960-களில் கட்டப்பெற்ற கதிரவன் உலையின் குழியாடி 54 மீட்டர் உயரமும் 48 மீட்டர் அகலமும் உடையது. அது கூட்டும் வெயில் இரும்பையும் உருக்கும். வீட்டுக்கூரைமேல் தொலைக்காட்சி அலைகளை ஏந்தும் தட்டும் குழிந்ததே. ஒலியும் இதற்கு அடங்கும். பீசப்பூரில் 1656-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற கோல் கும்பசு என்னும் மண்டபத்தின் கவிகை, ஏறத்தாழ 44 மீட்டர் விட்டமுடையது. அதன் உட்குழிவின் ஓரத்தில் ஒருவர் மெல்லப் பேசினால், எதிர்ப்புறத்தில் நிற்பவர் செவியில் அது தெளிவாகக் கேட்கும்.

எப்பக்கம் குழிவு, எப்பக்கம் குவிவு என்று தேர்ந்து அமைப்பதில் பொறியாளர் திறம் விளங்குகின்றது. கேரளத்தில், குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே, பெரியாற்றின் குறுக்கே அமைந்த இடுக்கி அணை ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுள்ளது. 1976-ஆம் ஆண்டில் நாட்டுக்கு அளிக்கப்பெற்றது. வில்போல் வளைந்த அவ்வணையின் குவிந்த பக்கம் தேங்கிய நீரை நோக்கியும், குழிந்த பக்கம் நீரற்ற பள்ளத்தாக்கை நோக்கியும் நிற்கின்றது. நீர் அழுத்தும்போது அவ்வழுத்தம் வளைவு வழியே இருபுறமும் சென்று மலைகளில் தங்குகின்றது. அவ்வளைவையே மாற்றி அமைத்திருப்பின், நீரின் அழுத்தம் சுவரைப் பிளக்க முற்படுமேயன்றி இறுக்காது. குழிவு, குவிவு என்னும் இரு சொற்களை மாற்றி எழுதினால் மாணவனுக்கு மதிப்பெண் குறையும். மாற்றிக் கட்டினால் ஊரே மூழ்கும்.

கணக்கிலும் இச்சொற்கள் பயில்கின்றன. ஒரு பலகோணத்தின் உள்ளே எந்த இரு புள்ளிகளை நேர்கோட்டால் சேர்த்தாலும், அக்கோடு உள்ளேயே அடங்குமாயின் அது குவிவுப் பலகோணம். கோடு ஓரிடத்திலேனும் வெளியே சென்று மீளுமாயின் அது குழிவுப் பலகோணம். அதன் உட்கோணங்களுள் ஒன்றேனும் 180 பாகையினும் மிகும். அம்பின் முனைபோல் அமைந்த நாற்கரம் இதற்கு எடுத்துக்காட்டு. பிறைமதியையும் நோக்குக. அதன் புறவிளிம்பு குவிவு, அகவிளிம்பு குழிவு. பிறையின் இரு கோடிகளையும் ஒரு நூலால் இணைத்தால், நூலின் நடுப்பகுதி பிறைக்கு வெளியே செல்லும். ஆடியும் ஒளியும் இல்லாத இவ்விடத்திலும் இச்சொற்கள் வழங்குவதே, அவை வடிவம் பற்றியவை என்பதற்கு மற்றுமொரு சான்றாகும்.

ஆராய்ச்சி முடிந்ததும் அம்மாணவனை நோக்கி, “தம்பி, இப்போது தீர்ப்பை நீயே கூறு” என்றேன். அவன் எழுந்து, “ஐயா, பெயரில் பிழையில்லை, யான் விரித்த விரியிற்றான் பிழை. தன்வினையைப் பிறவினையாகக் கொண்டேன்” என்றான். சிறிது நேரம் நின்று, “ஆயினும், அறிவியல் தேர்வில் இழந்த மதிப்பெண்ணுக்கு விடை இலக்கணத்தில் இருக்கும் என்று யான் எண்ணவில்லை” என்றும் கூறினான். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன்.

மாணவர்களே! தமிழ்க் கலைச்சொல் ஒவ்வொன்றும், அது குறிக்கும் பொருளைக் கண்டு பெயரிட்டோர் நமக்கு விட்டுச்சென்ற குறிப்பாகும். அதனைப் பொருளறியாது நெட்டுருச் செய்தல் வீண்; ஓசையை மட்டும் கேட்டுப் பொருளை ஊகித்தல் இடர். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பின்பு பொருளை எடுத்துக் கண்முன் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சான்று கூறும். இன்று வீட்டிற்குச் சென்றதும் அடுக்களையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து, அகத்தையும் புறத்தையும் மாறிமாறி நோக்குங்கள். குழிவு எது, குவிவு எது என்பது அதன்பின் என்றும் மறவாது.